ஆறு தொகுதிகள், நான்கு எம்.பி.க்கள், ஒரு மாவட்டம்: புதுக்கோட்டையின் வாக்கு வரலாறு

சித்தன்னவாசலுக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பதினாறு கிலோமீட்டர். மாவட்ட ஆட்சியர் அலுவலகம், மருத்துவக் கல்லூரி, பெரிய சந்தை எல்லாம் புதுக்கோட்டையில்தான். ஆனால் சித்தன்னவாசல்காரர் தம் நாடாளுமன்ற உறுப்பினரைத் தேடினால் அங்கே பயனில்லை. அன்னவாசல் வட்டாரத்தைச் சேர்ந்த அவருடைய சட்டமன்றத் தொகுதி விராலிமலை. விராலிமலை இருப்பது கரூர் மக்களவைத் தொகுதியில். கரூரை அடைய மணப்பாறை, குளித்தலை வழியாகத் திருச்சி மாவட்டத்தையே குறுக்காகக் கடக்க வேண்டும். சமண முனிவர்கள் தங்கிய ஏழடிப்பட்டமும், ஒன்பதாம் நூற்றாண்டு ஓவியங்கள் கொண்ட குடைவரையும் இந்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ளவை. அவற்றைப் பற்றி மக்களவையில் யாராவது கேட்க வேண்டுமென்றால், கேட்க வேண்டியவர் கரூர் உறுப்பினர்.

இது 2009 முதல் உள்ள நிலைமை. அதற்கு முன் 1952 முதல் 2004 வரை பதினான்கு பொதுத் தேர்தல்களில் புதுக்கோட்டை என்ற பெயரிலேயே ஒரு மக்களவைத் தொகுதி இருந்தது. வானம் பார்த்த நிலமும், கல்குவாரியும், முந்திரிக்காடும், வெளிநாட்டுப் பிழைப்புமாக வாழும் இந்த மண் எப்படி வாக்களித்து வந்திருக்கிறது? அந்த வாக்கை நான்கு திசைகளில் பிரித்துக் கொடுத்ததால் என்ன இழந்தது? இந்த இரு கேள்விகளும் ஒன்றோடொன்று பிணைந்தவை. முதல் கேள்விக்கு விடை தேடும் வழியையே அந்தப் பிரிப்பு அடைத்துவிட்டது.

ஒரு மண்ணின் வாக்கைப் படிக்கும் முறை

அமெரிக்காவில் இத்தகைய ஆய்வுக்கு அடிப்படை அலகு கவுண்டி, அதாவது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு. கென்டக்கி மாநிலத்தின் கிழக்கு மலைப்பகுதியில் உள்ள எலியட் கவுண்டி 1869இல் உருவானது. ஏழை உழைப்பாளிகள் வாழும் சிறு கிராமப்புறம். 1872 முதல் 2012 வரை நடந்த ஒவ்வோர் அதிபர் தேர்தலிலும் அது ஜனநாயகக் கட்சிக்கே வாக்களித்தது. 2016இல் பத்துப் பேரில் ஏழு பேர் டிரம்புக்கு வாக்களித்து அந்த மரபை முறித்தார்கள். இந்தியானாவின் விகோ கவுண்டி இன்னொரு வகை. 1956 முதல் 2016 வரை நாடு யாரை அதிபராகத் தேர்ந்தெடுத்ததோ அவருக்கே அதுவும் வாக்களித்தது, 2020இல்தான் பிசகியது. நூற்றைம்பது ஆண்டுக் கதையை ஒரே மூச்சில் சொல்ல முடிவதற்குக் காரணம் எளிது. நாடாளுமன்றத் தொகுதிகளின் எல்லையை எத்தனை முறை மாற்றினாலும் கவுண்டியின் எல்லை பெரும்பாலும் அப்படியே நிற்கிறது. வாக்குகளும் கவுண்டி வாரியாகவே எண்ணி வெளியிடப்படுகின்றன.

நம் நாட்டில் முடிவு அறிவிக்கப்படுவது தொகுதி வாரியாக. தொகுதியின் எல்லை மாறினால் அதன் வரலாறும் அறுந்துபோகும். புதுக்கோட்டையைப் பொறுத்தவரை 1952 முதல் 2004 வரை எல்லைகள் இடையிடையே திருத்தப்பட்டாலும் ஒரு மையமும் ஒரு பெயரும் நிலைத்திருந்தன. அதனால் அந்த அரை நூற்றாண்டை நம்பிப் படிக்கலாம்.

சமஸ்தானத்திலிருந்து வாக்குச்சாவடிக்கு

புதுக்கோட்டை பிரிட்டிஷ் மாகாணத்தின் பகுதியாக இருந்ததில்லை. தொண்டைமான் மன்னர்களின் சமஸ்தானமாக, ஆலங்குடி, திருமயம், குளத்தூர் என்ற மூன்று தாலுகாக்களோடு, சுமார் 1,178 சதுர மைல் பரப்பில் இருந்தது. 1902இல் ஆலோசனை கூறும் பிரதிநிதிகள் சபையும் 1924இல் சட்டசபையும் அமைக்கப்பட்டன. தேர்தல் என்பது இந்த ஊர்களுக்கு 1952இல் திடீரென வந்த புதுமை அல்ல. ஆனால் வாக்குரிமை அதுவரை சிலருக்கு மட்டுமே வாய்த்தது. 1948 மார்ச் 3இல் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்து திருச்சி மாவட்டத்தின் ஒரு கோட்டமானது. 1974 ஜனவரி 14இல், தஞ்சை மாவட்டத்திலிருந்து வந்த அறந்தாங்கிப் பகுதியையும் சேர்த்துக்கொண்டு தனி மாவட்டமானது.

இணைப்பு நடந்து நான்கே ஆண்டுகளில், வயது வந்த அனைவருக்கும் வாக்குரிமை தந்த முதல் பொதுத் தேர்தல் வந்தது. அண்மைவரை மன்னரின் குடிகளாக இருந்தவர்கள் தேர்ந்தெடுத்தது காங்கிரஸ்காரரையும் அல்ல, அரண்மனை சார்ந்தவரையும் அல்ல. ஜே. பி. கிருபளானி 1951இல் தொடங்கிய கிசான் மஸ்தூர் பிரஜா கட்சியின் வேட்பாளர் முத்துசுவாமி வல்லத்தரசு வென்றார். சமஸ்தான ஆட்சியில் மக்கள் உரிமைக்குக் குரல்கொடுத்து அறியப்பட்டவர் அவர். நாடு முழுவதும் காங்கிரஸ் அலை வீசிய நேரத்தில் புதுக்கோட்டை தன் முதல் வாக்கைத் தன் ஊர்ப் போராட்ட நினைவுக்கு அளித்தது.

1957இல் காங்கிரஸின் ராமநாதன் செட்டியார் வென்றார். 1962இல் மீண்டும் எதிர்த்திசை. அன்றைய சென்னை மாநிலத்தின் 41 மக்களவைத் தொகுதிகளில் 31ஐக் காங்கிரஸ் வென்ற தேர்தலில், புதுக்கோட்டை இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் ஆர். உமாநாத்தைத் தேர்ந்தெடுத்தது. பொன்மலை ரயில்வே தொழிலாளர் இயக்கத்தில் வளர்ந்த தலைவர் அவர். 1964இல் கட்சி பிளவுபட்டது. 1967இல் அவரே மார்க்சிஸ்ட் வேட்பாளராக நின்று மறுபடியும் வென்றார்.

பெரிய ஆலை எதுவும் இல்லாத ஒரு வறண்ட நாட்டுப்புறம் தொழிற்சங்கத் தலைவரை இருமுறை டெல்லிக்கு அனுப்பியதை எப்படிப் புரிந்துகொள்வது? இதற்கு நில உறவுகளைப் பார்க்க வேண்டும் என்பது என் துணிபு. சமஸ்தானத்தில் இனாம் நிலங்கள் மிகுதி. கோயிலுக்கும், அரண்மனைச் சேவைக்கும், பிராமணருக்கும், படைக்கும் என நிலம் மானியமாகக் கொடுக்கப்பட்ட அமைப்பு அது. அதை மையமாக வைத்தே மானிடவியலாளர் நிக்கோலஸ் டர்க்ஸ் 1987இல் புதுக்கோட்டை அரசு பற்றிய தம் புகழ்பெற்ற நூலை எழுதினார். அப்படிப்பட்ட நாட்டில் உழுபவரின் உரிமை எப்போதும் பிரச்சினைக்குரியதாகவே இருந்திருக்கும். அந்த வேர் பிறகும் அறவே பட்டுப்போகவில்லை. 2006இல் ஆலங்குடியும் 2011இல் புதுக்கோட்டையும் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்கும், 2021இல் கந்தர்வகோட்டை மார்க்சிஸ்ட் கட்சிக்கும் சட்டமன்ற உறுப்பினர்களைத் தந்தன. ஒவ்வொரு முறையும் பெரிய கட்சி ஒன்றின் கூட்டணி உடனிருந்தது உண்மைதான். ஆனால் அந்தக் கட்சிகள் இடதுசாரிகளுக்கு இந்த மாவட்டத்தில் இடம் ஒதுக்குவதே, இங்கே அவர்களுக்கு ஆள்பலம் உண்டு என்று அறிந்ததால்தான்.

கட்சிக்கு அல்ல, அணிக்கு

உமாநாத்துக்குப் பின் வென்றவர்கள்: 1971இல் தி.மு.க.வின் கே. வீரையா, 1977இல் அ.தி.மு.க.வின் இளஞ்செழியன், 1980இல் இந்திரா காங்கிரஸின் சுவாமிநாதன், 1984, 1989, 1991 மூன்றிலும் காங்கிரஸின் என். சுந்தரராஜ், 1996இல் தி.மு.க.வின் திருச்சி சிவா, 1998இல் அ.தி.மு.க.வின் ராஜா பரமசிவம், 1999இல் எம்.ஜி.ஆர். அ.தி.மு.க.வின் திருநாவுக்கரசு, 2004இல் தி.மு.க.வின் எஸ். ரகுபதி.

பதினான்கு தேர்தல்களில் ஏழு கட்சிகள். காங்கிரஸ் ஐந்து முறை, தி.மு.க. மூன்று முறை, அ.தி.மு.க. இரண்டு முறை, மற்ற நான்கு கட்சிகள் தலா ஒரு முறை. கட்சிப் பெயரை மட்டும் பார்த்தால் நிலையில்லாமல் தாவும் தொகுதி என்று தோன்றும். கட்சியை விட்டு அணியைப் பார்த்தால் வேறொரு சித்திரம் கிடைக்கிறது.

1967இல் தமிழகத்தின் 39 இடங்களில் 36ஐத் தி.மு.க. தலைமையிலான அணி வென்றது; உமாநாத் அந்த அணியில் இருந்தார். 1971இல் தி.மு.க.வும் இந்திரா காங்கிரஸும் ஒரே அணி, புதுக்கோட்டை அவர்களோடு. 1977இல் வடக்கே ஜனதா அலை வீச, தெற்கே அ.தி.மு.க.-காங்கிரஸ் அணி வாரிச் சுருட்டியது. புதுக்கோட்டை அந்தப் பக்கம். 1980இல் தி.மு.க.-காங்கிரஸ், 1984 முதல் 1991 வரை அ.தி.மு.க.-காங்கிரஸ், 1996இல் தி.மு.க.-த.மா.கா., 2004இல் தி.மு.க. தலைமையிலான முற்போக்குக் கூட்டணி: எல்லாவற்றிலும் மாநிலத்தில் வென்ற அணியே புதுக்கோட்டையிலும் வென்றது.

இவற்றில் பல தேர்தல்கள் ஒரே அணி ஏறக்குறைய எல்லா இடங்களையும் வென்றவை. அவற்றைக் கொண்டு எந்தத் தொகுதியின் தனித்தன்மையையும் சொல்லிவிட முடியாது. உண்மையான சோதனை மாநிலம் பிளவுபட்டு நின்ற தேர்தல்கள்தான். 1998இல் அ.தி.மு.க. அணி 30 இடங்களும் எதிரணி 9 இடங்களும் பெற்றன. புதுக்கோட்டை முப்பதில் ஒன்று. 1999இல் தி.மு.க.-பா.ஜ.க. அணி 26, எதிர்ப்புறம் 13. புதுக்கோட்டை இருபத்தாறில் ஒன்று. பதினெட்டே மாத இடைவெளியில் மாநிலத்தின் மனம் எந்தப் பக்கம் சாய்ந்ததோ அந்தப் பக்கம் இதுவும் சாய்ந்தது. 1967 முதல் 2004 வரை தொடர்ந்து பதினொரு மக்களவைத் தேர்தல்களில் தமிழகத்தில் பெரும்பான்மை இடங்களைப் பிடித்த அணியே புதுக்கோட்டையிலும் வென்றிருக்கிறது. இந்தியானாவின் விகோ கவுண்டிக்கு நிகரான ஒன்றைத் தமிழகத்தில் தேடினால், இந்தத் தொகுதியைத் தாராளமாக முன்வைக்கலாம்.

காரணம் என்ன? இங்கே எந்த ஒரு சாதியும் தனித்துத் தீர்மானிக்கும் அளவுக்கு இல்லை. வடக்கே குளத்தூர், விராலிமலைப் பக்கம் முத்தரையர் மிகுதி. ஆலங்குடிப் பக்கம் கள்ளர். திருமயம் வட்டாரத்தில் நகரத்தார் ஊர்கள். கிழக்குக் கரையில் மீனவரும் முஸ்லிம்களும். எல்லா இடங்களிலும் பரவலாகப் பட்டியல் சாதியினர். எவரும் தனியாக வெல்ல முடியாது. எந்த அணி அதிகம் பேரைச் சேர்க்கிறதோ அதுவே வெல்லும். மாநிலம் முழுவதும் கூட்டணிக் கணக்கு எப்படி இயங்குகிறதோ அதன் சுருக்கமே இந்தத் தொகுதி. இன்னொரு காரணம் தண்ணீர். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட குளங்களையும் கண்மாய்களையும் நம்பிய மாவட்டத்துக்கு வற்றாத ஆறு என்று ஒன்று இல்லை. மழை பொய்த்தால் நிவாரணத்துக்கும், அணைத் தண்ணீருக்கும், வேலைத் திட்டத்துக்கும் அரசையே எதிர்பார்க்க வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் வெல்லும் பக்கம் நிற்பதை சந்தர்ப்பவாதம் என்று ஒதுக்குவது அநியாயம். அது ஏழை உழைப்பாளியின் நிதானமான கணக்கு.

ஆளுக்கு விழுந்த வாக்கு

அணிக் கணக்கை மீறி ஆளைப் பார்த்து விழும் வாக்கும் இங்கே வலுவானது. அறந்தாங்கி அதன் சிறந்த சான்று. 1977 முதல் 1996 வரை தொடர்ந்து ஆறு சட்டமன்றத் தேர்தல்களில் அந்தத் தொகுதி திருநாவுக்கரசையே தேர்ந்தெடுத்தது. எம்.ஜி.ஆர். இருந்தபோதும், அவர் மறைந்து கட்சி உடைந்தபோதும், திருநாவுக்கரசு தனிக்கட்சி கண்டபோதும் அறந்தாங்கி அவரைக் கைவிடவில்லை. 1999இல் புதுக்கோட்டையிலிருந்து மக்களவைக்குச் சென்று மத்திய இணை அமைச்சரானார். பிறகு பா.ஜ.க., அதன்பின் காங்கிரஸ் என்று கட்சிகள் மாறி, 2019இல் திருச்சித் தொகுதியிலிருந்து காங்கிரஸ் உறுப்பினராக மீண்டும் மக்களவைக்குள் நுழைந்தார். 2021இல் அறந்தாங்கியில் அவருடைய மகன் ராமச்சந்திரன் காங்கிரஸ் சார்பில் வென்றார்.

அரண்மனைக்கும் இந்த மரபில் இடம் உண்டு. அரச குடும்பத்தைச் சேர்ந்த விஜயரகுநாத தொண்டைமான் காங்கிரஸ் சார்பில் புதுக்கோட்டைச் சட்டமன்றத் தொகுதியில் வென்றார். 2012இல், சாலை விபத்தில் இறந்த கம்யூனிஸ்ட் உறுப்பினர் முத்துக்குமரனின் இடத்துக்கு நடந்த இடைத்தேர்தலில் அதே குடும்பத்தின் கார்த்திக் தொண்டைமான் அ.தி.மு.க. வேட்பாளராக வென்றார். 1952இல் அரண்மனை சாராதவரைத் தேர்ந்த அதே மண் பின்னாளில் அரச குடும்பத்துக்கும் வாய்ப்பளித்தது; வாக்காளர் அவர்களை அரசராக அல்ல, கட்சி வேட்பாளராகவே பார்த்தார்.

சித்தன்னவாசல் பகுதியின் கதையும் இதுவே. 2008க்குப் பிறகான விராலிமலைத் தொகுதி 2011, 2016, 2021 மூன்று தேர்தல்களிலும் அ.தி.மு.க.வின் சி. விஜயபாஸ்கரைத் தேர்ந்தெடுத்தது. 2021இல் மாவட்டத்தின் ஆறு தொகுதிகளில் ஐந்து தி.மு.க. அணிக்குச் சென்றபோது விராலிமலை மட்டும் தனித்து நின்றது. அவர் சுகாதாரத்துறை அமைச்சராக இருந்த காலத்தில், 2017இல், புதுக்கோட்டைக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. காவிரி-வைகை-குண்டாறு இணைப்புக் கால்வாய்க்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டதும் விராலிமலை அருகே குன்னத்தூரில்தான். தங்கள் பகுதி ஆள் கோட்டையில் இருந்தால் காரியம் நடக்கும் என்ற நம்பிக்கைக்கு இவையெல்லாம் சான்றாயின.

2008: எண்ணிக்கையும் எல்லையும்

2002ஆம் ஆண்டுத் தொகுதி மறுசீரமைப்புச் சட்டத்தின்படி நீதிபதி குல்தீப் சிங் தலைமையில் ஆணையம் அமைந்தது. 2001 மக்கள்தொகைக் கணக்கின் அடிப்படையில் அது வகுத்த புதிய எல்லைகள் 2008 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தன. தமிழகத்தில் பல பழைய பெயர்கள் மறைந்தன. ஆனால் சிவகாசி போனால் விருதுநகர் வந்தது. திருச்செந்தூர் போனால் தூத்துக்குடி வந்தது. பெரியகுளம் போனால் தேனி வந்தது. ராசிபுரமும் திருச்செங்கோடும் போன இடத்தில் நாமக்கல் வந்தது. அந்த மாவட்டங்களுக்குப் பெயர்தான் மாறியது. புதுக்கோட்டைக்கு மாற்றாக எதுவும் வரவில்லை. கந்தர்வகோட்டையும் புதுக்கோட்டையும் திருச்சிக்கு, திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கைக்கு, விராலிமலை கரூருக்கு, அறந்தாங்கி ராமநாதபுரத்துக்கு. தொகுதியின் கடைசி உறுப்பினர் ரகுபதி மத்திய இணை அமைச்சராக இருந்தவர். அந்தச் செல்வாக்கும் தொகுதியைக் காக்கவில்லை.

இதில் எண்களைக் கவனமாகப் பார்க்க வேண்டும். 2001இல் தமிழக மக்கள்தொகை சுமார் 6.24 கோடி, 39ஆல் வகுத்தால் ஒரு தொகுதிக்குச் சராசரி 16 லட்சம். புதுக்கோட்டை மாவட்டத்தின் மக்கள்தொகை 14.6 லட்சம், அதாவது ஒரு தொகுதிக்குச் சற்றே குறைவு. மறுசீரமைப்பில் குளத்தூர் தொகுதி மறைந்து கந்தர்வகோட்டையும் விராலிமலையும் உருவானதால் மாவட்டத்தின் சட்டமன்றத் தொகுதிகள் ஐந்திலிருந்து ஆறாயின. ஒரு மக்களவைத் தொகுதிக்குத் தேவையான சட்டமன்றத் தொகுதிகளும் ஆறுதான். ஒரு முழுத் தொகுதிக்கு வேண்டிய உறுப்புகள் அனைத்தும் மாவட்டத்துக்கு வாய்த்த அதே ஆணையிலேயே அதன் மக்களவைத் தொகுதி பறிபோனது.

ஏன் இப்படி நடந்தது என்பதற்கும் கணக்கில் விடை உண்டு. கரூர், சிவகங்கை, ராமநாதபுரம் ஆகிய மூன்று மாவட்டங்களும் நான்கு நான்கு சட்டமன்றத் தொகுதிகள் கொண்டவை. ஆறு ஆக்க ஒவ்வொன்றுக்கும் வெளியிலிருந்து இடங்கள் வேண்டும். திருச்சி மாவட்டத்தின் வடபகுதித் தொகுதிகள் பெரம்பலூருக்குப் போனதால் திருச்சிக்கும் இரண்டு குறைந்தன. நான்கு பக்கமும் இருந்த குறையை நடுவில் இருந்த புதுக்கோட்டையிலிருந்து எடுத்து நிரப்பினார்கள். ஏதாவது ஒரு மாவட்டம் பிரிக்கப்பட்டே ஆக வேண்டும் என்ற நெருக்கடி உண்மையானது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். முன்பும் திருமயம் சிவகங்கையில்தான் இருந்தது, ப. சிதம்பரத்தை மீண்டும் மீண்டும் மக்களவைக்கு அனுப்பியதில் திருமயத்து வாக்குக்கும் பங்குண்டு. ஆனால் ஒன்றை விட்டுக்கொடுப்பது வேறு. ஆறையும் நாலாபக்கமும் கொடுத்துவிட்டு மையமே இல்லாமல் நிற்பது வேறு. தொகுதிகள் புவியியல் அடிப்படையில் ஒருங்கே அமைய வேண்டும், நிர்வாக எல்லைகளையும் போக்குவரத்து வசதியையும் மக்களின் சௌகரியத்தையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்று அதே சட்டத்தின் ஒன்பதாம் பிரிவு சொல்கிறது. திண்டுக்கல் மாவட்டத்து வேடசந்தூரையும் புதுக்கோட்டை மாவட்டத்து விராலிமலையையும் இரு கோடியில் கொண்ட கரூர் தொகுதியை அந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால் என்ன சொல்வது?

சிதறலின் விலை

முதல் எதிர்ப்பு வாக்குச்சாவடிக்குள்ளேயே வந்தது. 2009 தேர்தலில், தொகுதியை மீட்கக் கோரியவர்கள் 49-ஓ விதியைப் பயன்படுத்தும்படி மக்களிடம் பிரசாரம் செய்தார்கள். 1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளில் உள்ள அந்த விதியின்படி, வாக்காளர் சாவடிக்குச் சென்று பதிவேட்டில் கையெழுத்திட்ட பிறகு, வாக்களிக்க விருப்பமில்லை என்று அலுவலரிடம் சொல்லிப் பதிவு செய்யலாம். எல்லாருக்கும் முன் வெளிப்படையாகச் செய்ய வேண்டிய காரியம் அது. கிராமத்தில் அதற்குத் துணிச்சல் வேண்டும். 2013 செப்டம்பர் 27இல் உச்ச நீதிமன்றம் இரகசியமாகப் பதிவாகும் நோட்டா பொத்தானை வைக்க உத்தரவிட்டது. 2014இல் தொகுதி மீட்புக் கோரிக்கை நோட்டாவுக்கு மாறியது. ஒரு கோரிக்கைக்காகப் பிழைப்பைவிட்டுச் சாவடிக்கு வந்து, எவருக்கும் வாக்களிக்காமல் திரும்பிய மக்களை வாக்கில் அக்கறையற்றவர்கள் என்று சொல்ல முடியாது. அவர்கள் வாக்கின் மதிப்பை நன்றாக அறிந்திருந்தார்கள்.

2009இல் மாவட்டத்தைப் பங்கிட்டுக்கொண்ட நான்கு தொகுதிகளில் திருச்சியும் கரூரும் அ.தி.மு.க.வுக்கும், சிவகங்கை காங்கிரஸுக்கும், ராமநாதபுரம் தி.மு.க.வுக்கும் சென்றன. 2014இல் நான்கும் அ.தி.மு.க.; 2019இலும் 2024இலும் நான்கும் தி.மு.க. அணி. மாநிலத்தின் போக்கு அப்படியே. ஆனால் இந்த முடிவுகளிலிருந்து புதுக்கோட்டை என்ன நினைத்தது என்று இனி எவராலும் எளிதில் சொல்ல முடியாது. 2009இல் சிவகங்கையில் சிதம்பரம் வென்றது மூவாயிரத்துச் சொச்சம் வாக்குகளில். திருமயமும் ஆலங்குடியும் அந்த முடிவைத் தீர்மானிக்கும் இடத்தில் இருந்தன. ஆனால் அன்று முழுக்கப் பேசப்பட்டது சிவகங்கையைப் பற்றி மட்டுமே. 2019இலும் 2024இலும் கரூரில் காங்கிரஸின் ஜோதிமணி வென்றார். இடையில் 2021இல் விராலிமலை அ.தி.மு.க.வைத் தேர்ந்தது. ஒரே மக்கள் இரு திசைகளில் வாக்களித்ததன் பொருள் என்ன என்ற கேள்வி, ஆறு தொகுதிகளின் கூட்டுத்தொகைக்குள் மறைந்துபோகிறது.

விலை அதோடு நிற்பதில்லை. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் மீனவர்கள் இலங்கைக் கடற்படையால் கைதாவது வெளியுறவுத் துறையின் விவகாரம். அவர்கள் பேச வேண்டியது ராமநாதபுரம் உறுப்பினரிடம். 2017 பிப்ரவரியில் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு எதிராக ஊரே திரண்டு உட்கார்ந்தபோது அந்த மக்களின் தொகுதி சிவகங்கை. 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த பலாவுக்கும் தென்னைக்கும் முந்திரிக்கும் மத்திய நிவாரணம் கேட்டவர்கள் ஒரே மாவட்டத்தின் பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள். அவர்களின் உறுப்பினர்களோ வெவ்வேறு பேர். தஞ்சையிலிருந்து கந்தர்வகோட்டை வழியாகப் புதுக்கோட்டைக்கு ரயில் பாதை வேண்டும் என்பது ஒவ்வொரு தேர்தலிலும் எழும் கோரிக்கை. அதைத் தன் முதல் கடமையாகக் கொள்ளும் ஓர் உறுப்பினர் இல்லை. நால்வருக்கும் புதுக்கோட்டை தொகுதியின் ஓர் ஓரம். எவருக்கும் அது நடு இல்லை.

மிகக் கசப்பான எடுத்துக்காட்டு வேங்கைவயல். சித்தன்னவாசல் அடங்கிய அதே அன்னவாசல் ஒன்றியத்தில், முத்துக்காடு ஊராட்சியில் உள்ள அந்தச் சிற்றூரில், பட்டியல் சாதி மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மனிதக் கழிவு கலக்கப்பட்டது 2022 டிசம்பரில் தெரியவந்தது. பதினாறு மாதங்கள் கழித்து 2024 மக்களவைத் தேர்தல் வந்தபோதும் யாரும் கைதாகவில்லை. அந்த மக்கள் தேர்தலைப் புறக்கணிப்பதாக அறிவித்தார்கள். அவர்களின் சட்டமன்றத் தொகுதி கந்தர்வகோட்டை. மக்களவைத் தொகுதி திருச்சி. ஒரே ஒன்றியத்தின் ஒரு கிராமம் கரூருக்கும் இன்னொரு கிராமம் திருச்சிக்கும் வாக்களிக்கும் நிலையில், இப்படி ஓர் அநீதி மாவட்டம் முழுவதற்குமான தேர்தல் கேள்வியாகத் திரள்வது எப்படி? வாக்கு சிதறும்போது முதலில் கேட்காமல் போவது எண்ணிக்கையில் சிறியவர்களின் குரல்தான்.

அடுத்த மறுவரையறைக்கு முன்

மாநிலங்களுக்கான மக்களவை இடங்களின் எண்ணிக்கை 1976இல் 42ஆவது திருத்தத்தால் உறைநிலையில் வைக்கப்பட்டது. 2001இல் வந்த 84ஆவது திருத்தம் அதை 2026க்குப் பிந்தைய முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. குடும்பக் கட்டுப்பாட்டில் வென்ற தமிழகம் இடங்களை இழக்கக் கூடாது என்ற வாதம் நியாயமானது. 2025இல் சென்னையில் கூடிய அனைத்துக் கட்சிக் கூட்டம் அதை உரக்கச் சொன்னது. மாநிலத்துக்கு எத்தனை இடங்கள் என்பதில் காட்டும் அதே அக்கறையை, மாநிலத்துக்குள் கோடு எங்கே விழுகிறது என்பதிலும் தமிழகக் கட்சிகள் காட்ட வேண்டும். தமிழகத்தின் பங்கு குறையக் கூடாது என்று டெல்லியிடம் எந்த நியாயத்தைக் கேட்கிறோமோ, அதே நியாயத்தைப் புதுக்கோட்டை நம்மிடம் கேட்கிறது.

அதற்கு மூன்று காரியங்கள் வேண்டும். முதலாவது, ஒரு மக்களவைத் தொகுதிக்கு ஏறக்குறைய நிகரான மாவட்டத்தை இரண்டு தொகுதிகளுக்கு மேல் பிரிக்கக் கூடாது என்பதைத் தமிழகத்தின் எல்லாக் கட்சிகளும் மறுசீரமைப்பு ஆணையத்தின் முன் ஒரே குரலில் வைக்க வேண்டும். சென்ற முறை ஆணையத்தில் துணை உறுப்பினர்களாக எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் இருந்தார்கள், வரைவு வெளியாகி, ஆட்சேபம் தெரிவிக்கக் காலமும் இருந்தது. அடுத்த முறை அந்த வாய்ப்பை மாவட்டமே விழித்திருந்து பயன்படுத்த வேண்டும். இரண்டாவது, வாக்குச்சாவடி வாரியான முடிவுகளைத் தரும் படிவம் 20ஐ, சாவடி எண்களின் மாற்றத்தைக் கணக்கில் கொண்டு, ஊராட்சி வாரியாகத் தொடர்ச்சியாகத் தொகுத்து வெளியிட வேண்டும். எல்லை எத்தனை முறை மாறினாலும் சித்தன்னவாசல் ஊராட்சியின் வாக்கு எப்படி நகர்ந்தது என்று ஒரு மாணவர் படிக்க முடிய வேண்டும். எலியட் கவுண்டியைப் பற்றி எழுத முடிவது அங்குள்ள மக்கள் விசேஷமானவர்கள் என்பதால் அல்ல. அவர்களின் வாக்கு அவர்கள் ஊரின் பெயரிலேயே பதிவில் இருப்பதால். மூன்றாவது காரியத்துக்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை: மாவட்டத்தைப் பங்கிட்டிருக்கும் நான்கு உறுப்பினர்களும் எந்தக் கட்சியாக இருந்தாலும், ரயில் பாதை, மீனவர் கைது, காவிரி நீர் ஆகியவற்றுக்காவது புதுக்கோட்டையில் ஒன்றாக அமர்ந்து பேச வேண்டும்.

2011 கணக்கெடுப்பில் புதுக்கோட்டை மாவட்டத்தில் 16 லட்சத்துக்கும் மேற்பட்டோர்; ஐந்தில் நால்வர் கிராமவாசிகள்; ஆண்களைவிடப் பெண்கள் அதிகம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் எழுத்தும் சைக்கிளும் கற்றுக்கொண்டு, கல்குவாரிகளைத் தாங்களே குத்தகைக்கு எடுத்து நடத்தியவர்கள் இந்த மாவட்டத்துப் பெண்கள். 1952இல் மன்னரின் குடிகளாக இருந்து வாக்காளராக மாறிய அன்றே தன் மனத்தைத் துணிந்து சொன்ன மண் இது. பதினொரு தேர்தல்கள் தொடர்ந்து மாநிலத்தின் நாடியைச் சரியாகக் காட்டிய மண். அதற்கு வாக்களிக்க யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அது கேட்பது, தன் வாக்கைத் தன் பெயரில் எண்ண வேண்டும் என்பது ஒன்றுதான்.